ஔலு நகரத்துப் பனிக்கட்டிப் பாதைக்கு எந்தச் சைக்கிள் டயர்? நீடாமங்கலத்துத் தந்தை ஒருவருக்கு விரிவான பதில்

ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் ஆகஸ்டு இறுதியில் பின்லாந்தின் ஔலு நகரப் பல்கலைக்கழகத்துக்கு முதுநிலைப் படிப்புக்குப் போகிறார். அங்கே குளிர்காலத்திலும் மாணவர்கள் சைக்கிளில்தான் போகிறார்கள் என்று முன்னரே அங்கு சென்ற மாணவி ஒருவர் சொல்லியிருக்கிறார். பனிக்கட்டிக்கென்று தனி டயர் உண்டாமே, அதைத் தஞ்சாவூரிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பலாமா, எந்த வகை வாங்குவது, முன் சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதுமா, அதை அவரே மாட்டிக்கொள்ள முடியுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கவலை: பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் மட்டுமே பார்த்த பெண், கையைக் காலை உடைத்துக்கொள்ளாமல் வகுப்புக்குப் போய்வர முடியுமா என்பது. முடியும். சரியான டயரைச் சரியான நாளில் மாட்டிக்கொண்டால், ஐப்பசி மழையில் நம் வயல் சாலையில் சைக்கிள் ஓட்டப் பழகிய ஒருவருக்கு அது எட்டாத காரியம் அல்ல. நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். சொல்லும் வரிசை மட்டும் சற்று மாறும்.

நான் கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி வளர்ந்தவன். இயந்திரவியலில் பட்டயம் படித்தபின் வேலை நிமித்தமாக ஔலுவில் ஆறு குளிர்காலங்கள் இருந்தேன். ஆறிலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். சனிக்கிழமைகளில் மாணவர்களின் பழைய சைக்கிள்களைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் உதவிக்கு நின்றேன். இப்போது ஊருக்குத் திரும்பி அப்பாவின் கடையை நான் பார்க்கிறேன். ஆகவே நான் சொல்வது ஒரு நகரத்தின் பாதைகளில், சாதாரணச் சைக்கிளில், அன்றாடம் போய்வந்து அறிந்தது. ஆழப் புதையும் பனியில் காட்டுக்குள் ஓட்டுவதற்கென்று மிகப் பருத்த டயர் கொண்ட சைக்கிள்கள் உண்டு; அவற்றில் எனக்குப் பழக்கம் இல்லை என்பதால் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் பனி என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. மார்கழிக் காலையில் நெற்பயிரின் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான். ஔலுவில் சக்கரத்துக்கு அடியில் வருபவை வெவ்வேறு பொருள்கள். வானத்திலிருந்து தூளாக விழும் வெண்பனி ஒன்று. அது வாகனங்களும் கால்களும் மிதித்து இறுகிப் பலகை போலானது இன்னொன்று. உருகி மீண்டும் உறைந்த கண்ணாடி போன்ற பனிக்கட்டி மூன்றாவது. இவற்றுள் பலரும் அஞ்சுவது நடுக்குளிர்காலத்தை. ஆனால் ஜனவரியில், வெப்பநிலை கழித்தல் 10, கழித்தல் 15 என்று நிலையாக நிற்கும்போது, இறுகிய வெண்பனியின் மேல் சைக்கிள் நன்றாகவே பிடித்து ஓடும். மோசமானவை இரண்டு விளிம்புக் காலங்கள்: அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் ஒன்று, மார்ச்சும் ஏப்ரலும் மற்றொன்று. பகலில் பூச்சியத்துக்கு மேலே போய் நீராகும். இரவில் கீழே இறங்கி உறையும். பூச்சியத்தை ஒட்டிய பனிக்கட்டியின் மேல் ஈரப்படலம் இருப்பதால் அதுவே மிக வழுக்கலானது. குளிர் கூடக்கூடப் பனிக்கட்டியின் வழுக்கல் குறைகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் நான் முதல் ஆண்டு விழுந்தேன். பனியே விழாத அக்டோபர் மாதக் காலை. பாதை வெறும் தாராகத்தான் தெரிந்தது. சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைக்குள் இறங்கும் சரிவில் முதல் நாள் மழைநீர் மெல்லிய தகடாக உறைந்திருந்தது. அதன் ஊடே தாரின் கறுப்பு அப்படியே தெரிந்ததால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. முன் சக்கரம் பக்கவாட்டில் போனதை உணர்வதற்குள் தோள் தரையில் இருந்தது. மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. ஔலுவில் இத்தகைய சுரங்கப்பாதைகள் ஏராளம். உங்கள் மகளின் வழியிலும் நிச்சயம் சில இருக்கும்.

ஏன் அப்படி விழுந்தேன் என்பதில்தான் டயர் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ரப்பர் உலர்ந்த தார்ச்சாலையைப் பற்றும் வலிமையை 0.7 என்ற உராய்வு எண்ணால் குறித்தால், ஈரப் பனிக்கட்டியின் மேல் அது 0.1க்கும் கீழே இறங்கிவிடும். நம் ஊரில் நடவுக் காலத்தில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறிச் சாலையில் களியை அப்பிவிட்டுப் போன இடத்தில் சைக்கிள் வழுக்குமே, அந்த வழுக்கலை உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே களிக்கு அடியில் உறுதியான தரை இருக்கிறது. பட்டன், அதாவது மேலே புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டி, பெரிதாக உள்ள டயர் களியைப் பிதுக்கி ஒதுக்கிவிட்டு அந்தத் தரையைத் தொட்டுவிடும். பனிக்கட்டியில் ஒதுக்குவதற்கு ஏதும் இல்லை, மேற்பரப்பே வழுக்குகிறது. எனவே பட்டன் எவ்வளவு முரடாக இருந்தாலும் கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் அதனால் பயன் மிகக் குறைவு. “மலைச் சைக்கிள் டயர்தான் பல்லும் பள்ளமுமாக இருக்கிறதே, அது போதாதா?” என்று பட்டறைக்கு வந்த மாணவர்களில் பலர் கேட்டார்கள். இறுகாத வெண்பனிக்கு அது நல்லது, பனிக்கட்டிக்கு ஆகாது. அங்கே வேண்டியது பரப்பைக் குத்திப் பிடிக்கும் ஆணி. பின்லாந்து மொழியில் அதற்கு நஸ்தா என்று பெயர். நஸ்தாரெங்காஸ் என்று கேட்டால் எந்தச் சைக்கிள் கடையிலும் ஆணி பதித்த டயரை எடுத்து வைப்பார்கள்.

ஆணி டயரை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் ஆணி என்ற சொல் சற்று மிகையோ என்று தோன்றும். ரப்பர்ப் பட்டனின் நடுவே எள்ளைவிடச் சற்றுப் பெரிய மங்கிய உலோகப் புள்ளி ஒன்று, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலெழுந்து நிற்கும், அவ்வளவுதான். சுற்றிலும் எஃகு அல்லது அலுமினியத்தால் ஆன உடல்; நடுவில் டங்ஸ்டன் கார்பைடு குச்சி. அந்தக் குச்சிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பனிக்கட்டி ஏறத்தாழ ஒன்றரை. கார்பைடு ஒன்பதை ஒட்டி நிற்கிறது. வெறும் எஃகு ஆணியும் பனிக்கட்டியைக் குத்தும்தான். ஆனால் வழியில் பாதித் தொலைவு வெறும் தாராக இருக்கும்போது அது சில வாரங்களில் மழுங்கிப்போகும். கார்பைடு ஆணி பல குளிர்காலம் தாங்கும். நான் மாட்டிய முதல் இரண்டு டயர்களும் நான்கு ஆண்டுகள் ஓடின. ஆகவே மலிவு விலை டயரை வாங்குமுன் ஆணி கார்பைடா என்று கேட்டே ஆக வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் பழைய டயருக்குள்ளிருந்து சின்னத் திருகாணிகளை வெளியே முடுக்கி அனுப்பிவிடலாம் என்று யாராவது உங்களிடம் யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அத்திருகாணிகள் மென்மையான இரும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும். அவற்றின் தலை உள்ளே டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். கடுங்குளிரில், இருட்டில், வெறுங்கையால் பஞ்சர் பார்க்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு வரக் கூடாது.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: இரண்டும். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அது முன் சக்கரத்துக்கே போக வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிளின் வால் ஆடும். உடலைச் சற்று நிமிர்த்தினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம், வயல் சாலையில் ஓட்டிய எவருக்கும் அந்த ஆட்டம் பழக்கமானதுதான். முன் சக்கரம் வழுக்கினால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போய்விடும். அதை மீட்க நேரமே இல்லை. ஆனால் ஔலுவில் மாணவர்கள் வாங்கும் பழைய சைக்கிள்களில் பெரும்பாலானவை பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் வகை பிரேக் கொண்டவை. அந்தப் பிரேக் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே இருப்பதால் நனைந்தாலும் உறைந்தாலும் வேலை செய்யும். குளிர்காலத்துக்கு அது நல்ல பிரேக் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் முழு வேலையும் பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. பின்னால் ஆணி இல்லையென்றால், பனிக்கட்டியின் மேல் சற்று அழுத்தி மிதித்ததும் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். நிற்க வேண்டிய இடத்தில் சைக்கிள் நிற்காது. அத்தகைய சைக்கிள் வாங்குவாரானால் இரண்டாவது டயரைத் தள்ளிப்போட வேண்டாம். டயர் ஒன்றின் விலை தரத்தைப் பொறுத்து 40 யூரோவிலிருந்து 70 யூரோ வரை என்று வைத்துக்கொண்டு வரவு செலவு போட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களிடையே ஒரு குளிர்காலம் மட்டும் ஓடிய டயர்கள் பாதி விலைக்குக் கைமாறுவதும் உண்டு.

எந்த டயர் என்பதில், கடைக்காரர்கள் ஆணியின் எண்ணிக்கையை முன்னால் வைத்துப் பேசுவார்கள். நோக்கியன் பெயரில் வந்த ஹக்கபெலீட்டா டயர்களில் டபிள்யூ 106, டபிள்யூ 240 என்று பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் வின்டர், மாரத்தான் வின்டர் ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே இரண்டு படிகள். முதற்படியில் ஆணிகள் இரண்டு வரிசை, அடுத்ததில் நான்கு வரிசை. இந்த எண்கள் சக்கரத்துக்கு அடியில் என்னவாகின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர், ஒரு நேரத்தில் தரையைத் தொடும் பகுதி 10 சென்டிமீட்டர் நீளம் என்று கொள்வோம். அப்படியானால் 240 ஆணி டயரில் அதிகபட்சம் பத்துப் பதினோரு ஆணி தரையில் இருக்கும். 106 ஆணி டயரில் ஐந்துக்கு மேல் இருக்காது. நேராகப் போகும்போது ஐந்து ஆணியே போதுமானது. திரும்பும்போது சைக்கிள் சாய்கிறது. அப்போது ஓரத்து வரிசைகள் இல்லாத டயரில் ஆணியே தொடாத ரப்பர் மட்டும் தரையில் இருக்க வாய்ப்புண்டு. பாதையின் நடுவில் பனி இறுகி ஓடை போலத் தடம் விழுந்துவிட்டால், அதன் சுவரில் ஏறி வெளியே வருவதற்கும் ஓரத்து ஆணிதான் உதவும். அதனால் புதிதாகப் பழகும் ஒருவருக்கு, குறைந்தது முன் சக்கரத்துக்காவது, நான்கு வரிசை டயரையே சொல்வேன். பின்னால் இரண்டு வரிசை போதும். இந்த முன்பின் கலவை என் பழக்கத்திலும் பட்டறைக்கு வந்தவர்களிடத்திலும் கண்டது. ஆணி வேண்டும், அது கார்பைடாக வேண்டும் என்பவை போல விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக இதைச் சொல்ல மாட்டேன். 240க்கும் மேலே போகும் மலைச் சைக்கிள் டயர்களுக்கு, நகரத்தில் வகுப்புக்குப் போய்வர, தேவை இல்லை. கனமும் இழுவையும்தான் மிஞ்சும். நான்கு வரிசை டயரே ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். வெறும் தாரில் மணல் சலிப்பது போலச் சத்தம் எழுப்பும். அது பழுது அல்ல என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்து அளவு. இங்கேதான் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நம் கடையில் “28 டயர் கொடுங்கள்” என்றால் மறு கேள்வி இல்லாமல் எடுத்துக் கொடுப்போம், ஏனென்றால் நம் பெரிய சைக்கிளின் 28 என்பது ஒன்றே ஒன்றுதான்: 28க்கு ஒன்றரை. ஐரோப்பாவிலும் 28 என்று டயர் விற்கிறார்கள். ஆனால் அது வேறு 28. டயரின் ஓரக்கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால், நம்முடையது 635, அவர்களுடையது 622. இடையில் உள்ள 13 மில்லிமீட்டர் வேறுபாட்டை எந்த லீவரும் நெம்பிச் சரிசெய்யாது. 26லும் இதே தொல்லை: நம் மகளிர் சைக்கிள்களில் காணும் 26க்கு 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் 26 என்பது 559. பின்லாந்தில் மாணவர்கள் விரும்பும் ஜோப்போ என்ற சிறிய சைக்கிளுக்கு 24 அங்குலச் சக்கரம், அது 507. ஆகவே அங்குலத்தை நம்பவே வேண்டாம். சைக்கிளில் ஏற்கெனவே இருக்கும் டயரின் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்தால், 40-622 போல நடுவில் கோடிட்ட இரண்டு எண்கள் பொறித்திருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கம் ரிம்முக்குரியது. அது புள்ளி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். முன்னால் வரும் இரண்டு இலக்கம் டயரின் அகலம். அதில் சற்றுக் கூடுதல் குறைவுக்கு இடம் உண்டு. எவ்வளவு இடம் என்பதை ரிம்மின் அகலமும், சக்கரத்தைத் தாங்கும் கவையான போர்க், மட்கார்டு ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையிலான வெளியும் தீர்மானிக்கும். ஆணியின் தலைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பனி அதற்குள் அப்பி உறைந்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். 622 ரிம்முக்கு 35 முதல் 42 வரையிலான அகலம் பெரும்பாலான நகரச் சைக்கிள்களில் உட்கார்ந்துவிடும்.

இதிலிருந்தே உங்கள் முதற்கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. என்ன சைக்கிள் வாங்கப் போகிறார் என்று தெரியாமல் டயர் வாங்க முடியாது. அதோடு, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எந்தக் கடையிலும் ஆணி டயர் வழக்கமாக வைத்திருப்பதில்லை. இங்கே அதற்குத் தேவையே இல்லை. செப்டம்பரில் சைக்கிளை வாங்கட்டும். அந்த மாத இறுதிக்குள் அதன் எண்களைப் பார்த்து டயரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அக்டோபரில் முதல் பனி விழுந்த மறுநாள் கடைகளில் கூட்டம் அலைமோதும்; வழக்கமான அளவுகள் தீர்ந்துபோவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். மாட்டுவதும் முதல் பனிக்கு முன்பே நடக்க வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புதிய ஆணி டயரை முதல் 40 கிலோமீட்டராவது வெறும் தார்ச்சாலையில், சடுதியாகப் பிரேக் பிடிக்காமல், எழுந்து நின்று அழுத்தி மிதிக்காமல் ஓட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அப்போதுதான் ஆணிகள் ரப்பருக்குள் தம் இடத்தில் இறுகி அமரும். நேராகப் பனிக்கட்டியில் இறக்கினால் சில ஆணிகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பல்கலைக்கழகத்தின் லின்னன்மா வளாகம் நகர மையத்திலிருந்து 5, 6 கிலோமீட்டர். மையத்தில் தங்கினால் நான்கு நாள் போய்வந்தாலே இந்த 40 முடிந்துவிடும்.

மாட்டுவதை அவரே செய்யலாம், செய்யவும் வேண்டும். முதலில் டயரை ஓர் இரவு அறைக்குள் வைத்திருக்க வேண்டும். குளிரில் கிடந்த டயரின் ஓரம் மரக்கட்டை போல விறைத்திருக்கும், அறைச்சூட்டில் இளகிவிடும். சக்கரத்தைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் தேவை. நான் மேலே சொன்ன பின்மிதி பிரேக் இருந்தால், பின் சக்கரத்தின் இடப்பக்கம் அச்சிலிருந்து ஒரு தகட்டுக் கை நீண்டு சைக்கிளின் கம்பியோடு திருகாணியால் பிணைத்திருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதை மறந்துவிட்டால் பிரேக் பிடிக்காது; மறக்கவே கூடாத ஒரே இடம் அது. பழைய டயரை எடுத்தபின் ரிம்முக்குள் இருக்கும் பட்டை போக்ஸ் கம்பித் தலைகளை முழுவதும் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையோடு அது பொருந்த வேண்டும். டயரின் ஓர் ஓரத்தை முதலில் ரிம்முக்குள் போட்டு, டியூபில் வாயால் ஊதிய அளவுக்குக் காற்று வைத்து உள்ளே நுழைத்து, மற்ற ஓரத்தை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி இரு கைகளாலும் தள்ளிக்கொண்டு வந்து வால்வில் முடிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் வால்விலிருந்து தொடங்கித்தான் பழக்கம். வால்வில் முடித்தால் ஏற்கெனவே உள்ளே போன ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கி இளக்கம் கொடுக்கும், கடைசி ஒரு சாணுக்கு லீவரே தேவைப்படாது. கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விட்டால் டியூப் ஓரத்தில் கடிபட்டிருந்தாலும் விலகிவிடும். ஆணிகள் விரலைக் கிழிக்காவிட்டாலும் சிராய்க்கும்; பழைய துணியொன்றைக் கையில் சுற்றிக்கொள்வது நல்லது. ஸ்குரூடிரைவரை லீவராகப் பயன்படுத்தக் கூடாது என்று அப்பா எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை நானும் சொல்லிவிடுகிறேன். பாதிக் காற்று அடித்தபின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு இரு பக்கமும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு முழுக் காற்றை அடிக்கலாம்.

காற்று எவ்வளவு என்பதில் நம் கட்டைவிரல் அழுத்தம் போதாது. அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பக்கச்சுவரில் குறைந்த அளவும் அதிக அளவும் பொறித்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பது உறுதி. அதற்குள் எங்கே என்பது ஓட்டுபவரின் எடையையும் தரையையும் பொறுத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 அகல டயரில் பனிக்கட்டி நாட்களில் 2.5 முதல் 3 பார் வரை, அதாவது 36 முதல் 44 பிஎஸ்ஐ வரை வைத்துக்கொண்டால் ஆணிகள் நன்றாகப் பதியும் என்பது என் அனுபவம். வெறும் தார் அதிகமாக உள்ள நாட்களில் காற்றைக் கூட்டினால் ஓட்டம் இலகுவாகும். இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 3 பார் அடித்த டயர், கழித்தல் 15 பாகைக் குளிரில் சில நிமிடங்கள் நின்றதும் 2.5 பார் ஆகிவிடும். எங்கும் காற்று கசியவில்லை, குளிரில் காற்று சுருங்குகிறது. பஞ்சர் என்று எண்ணி டியூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழியே வராமல் குழம்பி நின்ற மாணவர்களை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். அறைக்குள் அடிப்பதானால் அரை பார் கூட்டி அடித்துக்கொள்ளலாம்.

இனி ஆணி டயரால் ஆகாதவை. புதிதாக விழுந்து கணுக்கால் அளவு கிடக்கும் வெண்பனியில் ஆணி தரையை எட்டாது. அங்கே அது சாதாரண டயர்தான். பலர் மிதித்துக் கலக்கிய பனி நாட்டுச்சர்க்கரை போலப் பொலபொலவென்று ஆகிவிட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். உருகிய சேற்றுப்பனியில் பதிந்த தடங்கள் இரவில் உறைந்துவிட்டால், சித்திரை வெயிலில் காய்ந்த வண்டித்தடத்துக்குள் சக்கரம் மாட்டிக்கொள்வது போலத்தான். ஆணி இருந்தாலும் தடம் முன் சக்கரத்தைத் தன்வழியே இழுத்துப் போகும். அத்தகைய இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆறு குளிர்காலம் ஓட்டிய பிறகும் நான் இறங்கித்தான் நடந்தேன். ஆணி டயரில் ஓட்டும்போதும் திருப்பத்துக்கு முன்பே நேர்கோட்டில் வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் பிரேக்கையும் பெடலையும் தொடாமல், உடலைச் சாய்க்காமல் வட்டத்தைப் பெரிதாக எடுக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்தால் பாதம் சட்டென்று தரையைத் தொடும். ஆணி டயர் வெறும் தாரில், அதிலும் வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும், சாதாரண டயரைவிடச் சற்று அதிகமாகவே வழுக்கும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

பாதையில் வழுக்கலைக் குறைக்க அங்கே உடைத்த கருங்கல் சில்லுகளைத் தூவுகிறார்கள்; சில சாலைகளில் உப்பும் போடுவார்கள். உப்புக்கு என்ன குணம் என்பதை வேதாரண்யம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்துக்குப் போய்வரும் சைக்கிளின் செயினைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கருங்கல் சில்லு வசந்தத்தில் பனி உருகியதும் வெளியே வந்து கூர்மையாக நிற்கும். பஞ்சர் அதிகமாவது அப்போதுதான். ஏப்ரல் இறுதியில் இரவு உறைபனி நின்றதும் ஆணி டயரைக் கழற்றி, ‘முன்’, ‘பின்’ என்று எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே சக்கரத்தில், அதே திசையில் மாட்டினால் ஆணிகள் தளராமல் இருக்கும்.

ஆகஸ்டு வரை நேரம் இருக்கிறது. டயர் வாங்குவதற்குப் பதில் இங்கிருந்தே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பில் உங்கள் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் இன்னும் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பின் சக்கரத்தை அவர் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். டயரை ரிம்மிலிருந்து முழுவதுமாக எடுத்து, டியூபை வெளியே போட்டு, மறுபடி மாட்டி, செயின் இழுவை சரியாக வைத்து நட்டை முடுக்கட்டும். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், விரல் நகத்துக்குள் கறுப்பு மை ஏறும். மூன்றாவது முறை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மூன்றாவது முறையை முடித்துவிட்டு விமானம் ஏறட்டும்.